தண்டவாளத்தில் பொருந்தியும் குகையில் நுழையாத வண்டிகள்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் புத்தகங்கள் வைக்க ஓர் அலமாரி செய்வித்தோம். சுவரின் நீளத்தையும் கூரையின் உயரத்தையும் நானே அளந்து தச்சரிடம் கொடுத்தேன். அலமாரி வந்த நாளில் அது வாயிலுக்குள் நுழையவில்லை. அறையை அளந்த நான் வாயிலை அளக்கவில்லை. கதவு நிலையைப் பெயர்த்த பின்னரே அதை உள்ளே கொண்டுபோக முடிந்தது. மாணவர்கள் சிரித்தனர்; நானும் சிரித்தேன்.

இதே பிழையை இரயில் நிருவாகங்களும் செய்திருக்கின்றன. அங்கே சிரிப்போடு முடிவதில்லை. பொதுமக்களின் பணமும் பயணிகளின் காலமும் வீணாகின்றன. அண்மைக் காலத்தில் ஸ்பெயினிலும் பிரான்சிலும் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொண்டு, இப்பிழை எவ்வாறு விளைகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

மூன்று அளவுகள்

இரயிலைப் பற்றிப் பேசும்போது ‘பாதையின் அகலம்’ என்பதையே நாம் முதலில் நினைக்கிறோம். இரண்டு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் அது. மலேசியாவின் பழைய இரயில் பாதையில் அது 1,000 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1,435 மில்லிமீட்டர். சக்கரம் ஓடுமா என்பதை மட்டுமே இவ்வளவு சொல்லும். சக்கரத்தின் மேல் அமர்ந்திருக்கும் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அது சொல்லாது.

அதற்கு வேறு இரண்டு அளவுகள் உள்ளன. பெட்டி தன் அகலத்திலும் உயரத்திலும் தாண்டக்கூடாத எல்லை ஒன்று. இதை வண்டி எல்லை என்போம். குகைச் சுவர், பாலம், நடைமேடை ஆகியவை பாதையை நெருங்கக்கூடாத எல்லை மற்றொன்று. இதைக் கட்டட எல்லை என்போம். இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கவேண்டும். பிரிட்டனிலும் பிரான்சிலும் பாதையின் அகலம் ஒன்றே. ஆயினும் பிரிட்டனின் பழைய பாலங்களும் குகைகளும் குறுகலானவை. ஆகவே அங்கு ஓடும் பெட்டிகள் பொதுவாகச் சிறியவை.

வளைவு செய்யும் வேலை

இந்த இடைவெளி நேரான பாதையில் ஒன்று, வளைவில் ஒன்று. பெட்டியோ வளையாத நீண்ட பொருள். அதன் இரு புறமும் உள்ள சக்கரத் தொகுதிகள் மட்டுமே வளைவைப் பின்பற்றும். ஆகவே பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்புறமாக ஒதுங்கும். முனைகள் வெளிப்புறமாக நீளும்.

எவ்வளவு ஒதுங்கும் என்பதை உயர்வகுப்பு மாணவரும் கணக்கிடலாம். இரு சக்கரத் தொகுதிகளின் இடைத்தூரத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் விடை கிட்டும். இடைத்தூரம் 14 மீட்டர், ஆரம் 200 மீட்டர் என்று கொள்வோம். 196ஐ 1,600ஆல் வகுக்க, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரும். இதனோடு வில்களின் மேல் பெட்டி ஆடும் ஆட்டத்தையும், தண்டவாளத்தின் சாய்வையும் சேர்க்கவேண்டும். எனவே ஒரு குகையின் அகலம் இன்னது என்று ஓர் எண்ணைச் சொல்வது போதாது. எந்த இடத்தில், எந்த வளைவில், எந்த உயரத்தில் என்பதையும் சொல்லவேண்டும்.

ஸ்பெயினில் நடந்தது

ஸ்பெயினின் வடபகுதியில் அஸ்தூரியாஸ், காந்தாப்ரியா என்னும் மலைப்பாங்கான மாநிலங்கள் உள்ளன. அங்கும், மலேசியாவைப் போலவே, ஒரு மீட்டர் அகலப் பாதை இருக்கிறது. பழைய குகைகள் பல அதில் உண்டு. 2020இல் ரென்ஃபே என்னும் அரசு இரயில் நிறுவனம், 31 புதிய வண்டிகளை 258 மில்லியன் யூரோ செலவில் செய்து தருமாறு காஃப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2021இல் வரைபட வேலை நடந்தபோது ஐயம் எழுந்தது. ஒப்பந்தத்தில் கொடுத்த அளவின்படி செய்தால், வண்டிகள் சில குகைகளில் நுழையமாட்டா!

வண்டிகளைக் கட்டத் தொடங்குமுன் இது தெரிந்துவிட்டதால், செய்த வண்டியை வீசியெறியும் நிலை வரவில்லை. ஆனால் காலம் போயிற்று. வண்டிகளின் வருகை 2026ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போனதாக அறிவிக்கப்பட்டது. பழைய வண்டிகளிலேயே பயணம் செய்துவந்த மக்கள் கொதித்தனர். 2023 பிப்ரவரியில் ரென்ஃபே தலைவரும் போக்குவரத்துத் துறையின் அரசுச் செயலாளரும் பதவி விலகினர்.

பிழை எங்கே இருந்தது? விதிநூலில் எழுதியிருந்த அளவுக்கும் மலைக்குள் இருந்த குகைக்கும் வேற்றுமை இருந்தது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழிக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுவதில்லை. பின்னர் வேறு வழியைக் கைக்கொண்டனர்: அப்பாதையில் ஏற்கெனவே இடரின்றி ஓடும் வண்டி ஒன்றை எடுத்து, அதனோடு ஒப்பிட்டுப் புதிய வண்டியின் அளவை வகுத்தனர்.

பிரான்சில் நடந்தது

பிரான்சில் சிக்கல் குகையில் அன்று, நடைமேடையில். 2014 மே மாதம் ‘லெ கனார் ஆன்ஷெனே’ என்ற வார இதழ் செய்தியை வெளியிட்டது. வட்டார வழிகளுக்கு வாங்கிய புதிய வண்டிகள் பழையவற்றினும் அகலமானவை. அவற்றுக்கு வழிவிட ஏறத்தாழ 1,300 நடைமேடைகளின் விளிம்பைச் செதுக்கவேண்டும். செலவு 50 மில்லியன் யூரோ. வண்டிகளை ஓட்டிய நிறுவனம் ஒன்று. பாதையையும் நடைமேடைகளையும் காத்த நிறுவனம் வேறொன்று. 1997இல் இவை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இந்தப் பிரிவினையே காரணம் என்று அமைச்சர் குறைகூறினார். புதிய வண்டி வரும்போது பழைய நடைமேடைகளைத் திருத்துவது வழக்கமான பணியே என்று நிறுவனங்கள் மறுமொழி கூறின. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் திருத்தவேண்டியவை இத்தனை என்பதை, வண்டிகளைக் கேட்கும் முன்னரே கணக்கிட்டு மக்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பழைய பிழையின் நீண்ட ஆயுள்

ஏட்டின் அளவும் நிலத்தின் அளவும் ஏன் வேறுபடுகின்றன? இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வழி இதற்கு விடை தருகிறது. 1850களில் அங்கே குகைகளுக்குச் செங்கல் வளையம் கட்டிய குத்தகைக்காரர்கள், ஒப்புக்கொண்டதைவிடக் குறைவான அடுக்குகளை வைத்து ஏமாற்றினர். பின்னர் அது வெளிப்பட்டது. குகையை மீண்டும் குடைவதற்குப் பெருஞ்செலவு ஆகும். ஆகவே உட்புறத்திலேயே கூடுதல் அடுக்குகளைக் கட்டினர். குகை குறுகியது. அதன் பயனாக அவ்வழிக்கென்றே ஒடுக்கமான வண்டிகளைத் தனியே செய்து ஓட்டவேண்டியதாயிற்று. 1986இல் அக்குகைகளில் இரட்டைப் பாதையை நடுவே ஒற்றைப் பாதையாக்கிய பின்னரே சாதாரண வண்டிகள் சென்றன. சிலர் செங்கல்லில் மிச்சம் பிடித்ததன் விலையை நான்கு தலைமுறையினர் கொடுத்தனர்.

ஆசிரியர்களுக்கு இதில் வேலை உண்டு. அளவைப் பாடத்தில் நாம் எண்களைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டவும் வகுக்கவும் கற்பிக்கிறோம். அந்த எண்ணை யார் அளந்தார், எப்பொழுது அளந்தார், அதன்பின் ஏதேனும் மாறியதா என்று கேட்கக் கற்பிப்பதில்லை. ஒரு நாள் மாணவர்களின் கையில் அளவு நாடாவைக் கொடுத்து, பள்ளியின் வரைபடத்தோடு வகுப்பறையை ஒப்பிடச் சொல்லுங்கள். வேற்றுமை ஒன்றேனும் அகப்படும். அதைக் கண்டெடுக்கும் பிள்ளைதான் நாளை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் குகைக்குள் சென்று பார்த்துவர வேண்டும் என்று சொல்லும்.