அறுவாளுக்கு எதற்குப் பல்?

எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்கிற பிள்ளைகள் அல்லவா நீங்கள்? இன்றைக்கு நான் ஒரு "ஏன்" கேட்கிறேன்.

நெற்குப்பை என்ற ஊர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் விளைந்த நெல், தை மாதம் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். இப்போது அறுக்க மெஷின் வந்துவிடுகிறது. ஆனாலும் பழைய வீடுகளில் கூரை இடுக்கில் ஒரு கதிர் அறுவாள் செருகியிருக்கும். தொடாமல் பார். வளைந்த இரும்பின் உள்பக்கம் பொடிப்பொடியாகப் பல். விறகு வெட்டும் அறுவாளுக்குப் பல் கிடையாது. இதற்கு மட்டும் ஏன்?

காரணம் நெல் தாளில் இருக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, தாளிலும் இலையிலும் சேர்த்துவைக்கிறது. மணலில் இருப்பதும் சிலிக்காதான்! நெல் இலை கையைக் கீறுகிறதே, அது இதனால்தான். தாளோ கெட்டி, மேலே வழவழப்பு. பல் இல்லாத கத்தி வழுக்கும், சீக்கிரம் மழுங்கும்.

பல் போன பாட்டியிடம் பச்சை மாங்காயைக் கொடுத்துப் பார். ஈறு வழுக்கும். நீ கடித்தால்? நறுக்! கூரான பல் சின்ன இடத்தில் அழுத்துகிறது. இடம் சிறுத்தால் அழுத்தம் கூடும். புரிந்ததா?

அறுப்பவர் இடது கையால் தாள்களைக் கொத்தாகப் பிடிப்பார். அடியில் அறுவாளைக் கொடுத்துத் தன் பக்கம் இழுப்பார். பற்கள் கவ்வும், தாள் நழுவாது. அரிந்ததை அரி அரியாகக் கீழே வைத்துக்கொண்டே நகர்வார்.

அந்தக் காலத்தில் அயர்லாந்தில் புல் அறுக்க வேறு கருவி. நீண்ட கழி, நீண்ட கத்தி, பல்லே இல்லை! நின்றபடியே வீசி அறுப்பார்கள். புல்லை யாரும் பிடிப்பதில்லை. பிறகு எப்படி அறுபடுகிறது? கொஞ்சம் யோசி.

வேகம்தான் விடை! புல் வளைந்து தப்புவதற்குள் கத்தி வந்துவிடுகிறது. கூர் குறைந்தால் வேலை நடக்காது. அதனால் வேலைக்கு நடுவிலேயே கல்லால் தீட்டிக்கொள்வார்கள்.

கருவி மட்டுமா, வழக்கமும் வேறுதான். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் கடைசிக் கதிர்க்கட்டைக் "கிழவி" என்பார்கள். நம் களத்திலோ மரக்காலால் நெல் அளக்கும்போது "ஒன்று" என்று தொடங்குவதில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார்கள். இதெல்லாம் அறிவியல் இல்லை, கண்ணு. விளைச்சல் பெருகட்டும் என்ற ஆசை. அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

ஊர் ஊராகப் போய், தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிய சோமலெ 1921-இல் பிறந்தது நெற்குப்பையில்தான். நீயும் ஒரு நோட்டை எடு. கதிர் அறுத்த கதையை அப்பத்தாவிடம் கேட்டு எழுது.

அப்படியே ஒரு புதிர்: அறுவாளின் பற்கள் நுனிப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, கைப்பிடிப் பக்கமா? ஏன்? அறுப்பவர் அதைத் தள்ளுகிறாரா, இழுக்கிறாரா என்று நினைத்துப் பார். கண்ணால் மட்டும் பார். விரல் வைக்காதே, சரியா?