அவரைப் பந்தலும் ஜி6பிடி குறைபாடும்

ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் 'பிராட் பீன்ஸ்' உண்ணலாகாது என்பது மருத்துவ உலகில் எல்லாரும் அறிந்த எச்சரிக்கை. நம் ஊரிலோ அவரைக்காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதுவே. இதனால், குழந்தைக்கு இக்குறைபாடு இருப்பதாக அறிந்தவுடன், நன்கு காய்த்துக்கொண்டிருந்த அவரைக் கொடியைப் பெற்றோர் வேரோடு பிடுங்கிவிடுவதுண்டு. அந்தக் கொடி எந்தத் தவறும் செய்யவில்லை.

விலக்க வேண்டியது 'ஃபாவா' எனப்படும் வேறொரு பயறு. வடநாட்டில் இதற்குப் பாக்லா என்று பெயர். நம் அவரை ஆடிப் பட்டத்தில் விதைத்துப் பந்தலில் படரவிடும் கொடி. மார்கழி, தை மாதங்களில் தட்டையான காய்களைத் தரும். மொச்சையும் அதன் இனமே. ஃபாவா கொடியன்று. நான்கு பட்டையான தண்டுடன் இடுப்பளவு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் செடி அது. வெள்ளைப் பூவின் இதழில் கறுப்புத் திட்டு இருக்கும். தடித்த காயைப் பிளந்தால் உட்புறம் வெண்பஞ்சு விரித்ததுபோல் காணப்படும். இவ்வளவு அறிந்திருந்தாலே இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஃபாவா குளிர்காலப் பயிர். வெப்பம் கூடினால் பூ உதிர்ந்துவிடும். ஆகவே சமவெளித் தோட்டங்களில் இதைக் காண்பது அரிது. குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவர் வீட்டுத் தோட்டங்களில் இதை விரும்பி வளர்க்கிறார்கள். விதையை 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில் ஊன்றுவார்கள். அடிக்காய்கள் தோன்றியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் அசுவினித் தொல்லை குறையும். அறுவடை கீழிருந்து மேலாக நடைபெறும். விதையின் தழும்பு கறுக்கும் முன்பே பறித்தால்தான் பருப்பு மென்மையாக இருக்கும். பறித்து முடித்தபின் தண்டை வெட்டி வேரை மண்ணிலேயே விட்டால், வேர்முடிச்சுகளின் தழைச்சத்து அடுத்த பயிருக்கு உதவும்.

எங்கள் கவலை அந்த அறுவடைப் பருவத்தைப் பற்றியதே. ஃபாவாவில் வைசின், கன்வைசின் என்னும் இரு பொருள்கள் உள்ளன. இளம் விதையில்தான் இவை மிகுதி. செடியிலிருந்து பறித்துப் பச்சையாகவே மென்று தின்னத் தூண்டும் பருவமும் அதுதான். அப்படித் தின்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். உண்டபின் இப்பொருள்கள் சிதைந்து, சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் தாக்குகின்றன. அத்தாக்குதலைத் தடுப்பதே ஜி6பிடி நொதியின் பணி. அது குறைந்திருந்தால் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன. வேகவைப்பதாலோ உலர்த்துவதாலோ இந்த ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. பூவின் மணமே நோய் தரும் என்னும் பழைய நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும், குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இச்செடியை வளர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அங்கே காலை உணவாகக் கிடைக்கும் 'ஃபூல்' என்பது ஃபாவாவை வேகவைத்து மசித்ததுதான். எகிப்திய முறை ஃபலாஃபெலும் இதே பருப்பில் செய்யப்படுவது. குறைபாடுள்ள குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பாகல் விதையிலும் வைசின் உண்டு என்பதால், சர்க்கரை நோய்க்கென விற்கப்படும் பாகல் விதைப் பொடியை இக்குறைபாடு உள்ள பெரியவர்கள் நாடாதிருப்பது நல்லது. துணிகளுக்கிடையே வைக்கும் நாப்தலின் உருண்டையும் இதே தீங்கைச் செய்யும்.

ஃபாவாவை உண்டு ஒன்றிரண்டு நாள்களுக்குள் முகம் வெளிறுதல், கண் மஞ்சளாதல், வயிற்று வலி, முதுகு வலி, காய்ச்சல் ஆகியவை தோன்றலாம். சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் கழிந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்; இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே வாருங்கள். மஞ்சள் காமாலை என்று எண்ணி நாட்டு மருந்து கொடுப்பதில் வீணாகும் நேரம் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பொரு முறை உண்டு ஒன்றும் நேரவில்லை என்பதையும் நம்ப வேண்டாம். ஒரே நபருக்கே ஒவ்வொரு முறையும் விளைவு மாறுபடும்.

பரிசோதனை குறித்து ஒன்று. அணுக்கள் உடைந்த சில நாள்களில் நொதியை அளந்தால் முடிவு இயல்பாக இருப்பதுபோல் வரக்கூடும். நொதி குறைந்த முதிய அணுக்கள் அழிந்து, நொதி மிகுந்த புதிய அணுக்கள் எஞ்சியிருப்பதே காரணம். அவ்வாறு வந்தால், சுமார் மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை எச்சரிக்கைகளைத் தளர்த்த வேண்டாம். அவரைக்காய்ப் பொரியல் தாராளமாகத் தொடரட்டும்.