ஆய்வகம் பூட்டினாலும் பூச்சி காத்திருக்காது

கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்து வளாகம். நகரின் மறுபக்கம், ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது தமிழகம் முழுவதும் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. விவசாயப் பணிகளுக்கு ஊரடங்கில் விலக்கு கிடைத்ததால் நீங்கள் உழுதீர்கள், நட்டீர்கள், அறுத்தீர்கள். ஆனால் உங்கள் பயிருக்குப் பின்னால் வேலை செய்யும் ஆய்வகங்கள் பல முடங்கின.

'ஆய்வகம் நாலு மாதம் பூட்டிக் கிடந்தால் எனக்கு என்ன?' என்று கேட்கலாம். நெல் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கரும்புத் துளைப்பானுக்கும் நீங்கள் கட்டும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டையைப் பாருங்கள். அந்தக் குளவி, கொர்சைரா என்ற அந்துப்பூச்சியின் முட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. அந்துப்பூச்சியைக் கம்பு நொய்யில் வளர்க்க வேண்டும். ஒரு தலைமுறை முடிய 40 நாளுக்கு மேல் ஆகும். இடையில் கவனிக்க ஆள் இல்லாமல் வளர்ப்பு அழிந்தால், திறந்த மறுநாளே அட்டை கிடைக்காது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் உங்கள் வயலில் புழுவின் பருவம் முடிந்துவிடும்.

தொற்றுக்காலத்தில் வந்த மாவுப்பூச்சி

இதே காலத்தில்தான் மரவள்ளி மாவுப்பூச்சி நம் நாட்டுக்குள் நுழைந்தது. 2020இல் கேரளத்தில் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளி வயல்களைப் பிடித்தது. குருத்து சுருங்கி, செடி குட்டையாகி, கிழங்கு சிறுத்தது.

பப்பாளி, மல்பெரித் தோட்டங்களைப் பப்பாளி மாவுப்பூச்சி அழித்ததும், வெளிநாட்டு ஒட்டுண்ணிக் குளவி அதைக் கட்டுப்படுத்தியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மரவள்ளிக்கும் அப்படி ஒரு குளவி உண்டு. அதன் பெயர் அனகைரஸ் லோபெஸி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது இதுதான்.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இந்தக் குளவியை 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. வந்தவுடன் வயலில் விடவில்லை. நன்மை செய்யும் மற்ற பூச்சிகளைத் தாக்குமா என்று தனிமைப்படுத்திய ஆய்வகத்தில் சோதித்த பிறகே பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விடப்பட்டது. தொற்றுக் காலத்திலும் ஆய்வகம் இயங்கியதால்தான் இது முடிந்தது.

எப்படித் திறந்தார்கள்?

தமிழகத்தில் 2020 டிசம்பர் 2 முதல் ஆராய்ச்சி மாணவர்களும், அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளின் முதுநிலை இறுதியாண்டு மாணவர்களும் முதலில் அனுமதிக்கப்பட்டனர். காரணம் எளிது. பாடத்தை வீட்டிலிருந்து படிக்கலாம்; சோதனைக் குழாயை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் அப்போதைய நெறிமுறைப்படி ஆய்வகத்தில் ஒருவருக்கு 4 சதுர மீட்டர் இடம் வேண்டியிருந்தது. ஆளுக்கு ஆள் 6 அடி இடைவெளி வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக்குழு, ஒரு நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் வளாகத்தில் கூடக் கூடாது என்றது. அதனால் முறை வைத்து வேலை செய்தார்கள்.

கிருமியைத் தடுப்பதோடு வேலை முடியவில்லை. பல மாதம் ஓடாத மோட்டார் அறையைத் திறக்கும்போது வயர், பலகை, பாம்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தானே சுவிட்ச் போடுவீர்கள்? ஆய்வகமும் அப்படித்தான். எரிவாயுக் கசிவு, குழாயில் தேங்கிய நீர், காலாவதியான ரசாயனம், நின்றுபோன குளிர்பெட்டி எல்லாவற்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும். ஆள் குறைவு என்பதற்காக ஆபத்தான வேலையை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. பார்வை எட்டும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

உங்களுக்கும் இதில் பாடம் உண்டு

சானிடைசர் எளிதில் தீப்பிடிக்கும். ஆய்வகத்தில் அடுப்பு அருகே கூடாது என்றால், உங்கள் வீட்டு அடுப்பருகிலும் கூடாது. பிளீச்சிங் கரைசலோடு ஆசிட் கலந்தால் நச்சுவாயு வரும். மாட்டுக் கொட்டகை கழுவும்போது இரண்டையும் சேர்க்காதீர்கள். கிருமிக்குப் போட்ட துணி முகக்கவசம் பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்து தெளிக்க அதற்குரிய கவசம் வேண்டும்.

இனி ஒருமுறை ஊரடங்கு வந்தாலும், வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டாலும், எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பாருங்கள்.

மண் மாதிரி காத்திருக்கும். அறுவடை முடிந்ததும், உரம் போடுவதற்கு முன், வரப்பு, மரநிழல், எருக்குவியல் தவிர்த்து 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். நெல் வயலில் 'வி' வடிவக் குழி வெட்டி 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி, கலந்து, கால்பங்கு முறையில் அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் பெயர், சர்வே எண் எழுதி வையுங்கள். ஆய்வகம் திறந்ததும் கொடுக்கலாம்.

உயிருள்ள இடுபொருள் காத்திருக்காது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம் பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். வெயிலில் கிடந்ததை வாங்காதீர்கள். ஒட்டுண்ணி அட்டையில் முட்டைகள் கருத்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அதில் ஒட்டுண்ணி இறங்கவில்லை.

பூச்சித் தாக்குதலும் காத்திருக்காது. இதுவரை பார்க்காத பூச்சி கண்ணில் பட்டால், அதைப் பறித்து ஊர் ஊராக எடுத்துப் போகாமல், செல்போனில் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்புங்கள். களப்பணியாளர்கள் அந்தப் படத்தைக் கிராமம், பயிர், தேதியோடு அன்றே மேலே அனுப்ப வேண்டும். ஆய்வகம் பாதி ஆட்களோடு இயங்கும்போது எதை முதலில் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய அந்தத் தகவல்தான் உதவும்.