ஒரு கணினிக்குள் பல கணினிகள்: நினைவகத்தை எப்படி அளந்து ஒதுக்குவது?

உதகமண்டலத்தில், கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்திவரும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தின் கிரேப்ஸ்-3 கருவி, 2015ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி மியூவான் துகள்களின் வரவு சுமார் இரண்டு மணி நேரம் மிகுந்திருந்ததைப் பதிவு செய்தது. பூமியின் காந்த மண்டலம் சிறிது நேரம் நலிவுற்றதே அதற்குக் காரணம் என்று நிர்ணயிப்பதற்கு அவசியமான மாதிரிக் கணிப்புகளைச் செய்துமுடித்தது, அங்குள்ள விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் தாங்களே அமைத்துக்கொண்ட, 1280 செயலிக் கோர்களைக் கொண்ட கணினித் தொகுதியாகும். அத்தகைய தொகுதியில் கோருக்கு ஒரு கணிப்பு வீதம் ஓடும்போது, கணிப்பு ஒன்றுக்கு 1 ஜிபி நினைவகம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் மொத்தத்தில் 1280 ஜிபி கூடுதலாக வேண்டியிருக்கும்.

நினைவகத்தை அளந்து ஒதுக்கும் இதே பிரச்சினை சிறிய அளவில் சாதாரண அலுவலகங்களிலும் உண்டு. ஒரே பௌதிக யந்திரத்திற்குள், ஒன்றையொன்று அறியாத பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் முறை, ஐபிஎம் நிறுவனம் 1972இல் விஎம்/370 என்ற மென்பொருளை வெளியிடுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. இன்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையும் 64 ஜிபி நினைவகமுள்ள சர்வர் ஒன்றை வாங்கி, பச்சை இலைக் கணக்குக்கு ஒன்று, சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம். பிரிப்பது எளிது, எதற்கு எவ்வளவு என்பதில்தான் சிரமம்.

செயலியின் விஷயம் வேறு, நினைவகத்தின் விஷயம் வேறு. அந்தத் தொழிற்சாலையிலேயே சிடிசி இயந்திரம் ஒரு தோட்டத்து இலையை அரைத்து முடித்தவுடன் அடுத்த தோட்டத்து இலையை வாங்கிக்கொள்ளும்; ஆனால் இலை வாட்டும் தொட்டியோ, பரப்பிய இலை வாடி முடியும் வரையில் வேறு இலைக்கு இடம் தராது. செயலி முன்னதைப் போல முறை வைத்துப் பங்கிடத்தக்கது. நினைவகம் பின்னதைப் போல, பிடித்தவர் விடும்வரை பிடித்தவருக்கே உரியது.

ஆகையால், குறைவாக ஒதுக்கினால் மெய்நிகர் கணினி, நினைவகத்தின் சிறு கூறுகளான தன் பக்கங்களை வட்டுக்குத் தள்ளவும் திரும்ப எடுக்கவும் தொடங்குகிறது. நினைவகத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ 100 நானோவினாடி போதும். சுழலும் வட்டிலோ அதே காரியத்திற்கு சுமார் 10 மில்லிவினாடி, அதாவது லட்சம் மடங்கு காலம் செல்லும். தேவைக்கு மேல் அள்ளிக்கொடுத்தால் ஒருவர் பயன்படுத்தாதது மற்றவருக்கும் கிட்டாமல் போகிறது. இருக்கும் நினைவகத்தைவிட அதிகமாக வாக்களித்துவிட்டு, நெருக்கடி வரும்போது ஒரு கணினியிடமிருந்து பக்கங்களைத் திரும்பப் பெறும் 'பலூன்' முறையையும், ஒரே உள்ளடக்கமுள்ள பக்கங்களைப் பொதுவாக்கும் உபாயத்தையும் விஎம்வேர் நிறுவனத்தின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவை சாமர்த்தியமான உபாயங்களே; எனினும் ஆபத்துக்கு உதவவேண்டியவற்றை அன்றாட வரவாகக் கணக்கில் சேர்ப்பது விவேகமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படியானால் உண்மைத் தேவையை அறிவது எப்படி? ஒரு நிரல் அண்மைக் காலத்தில் மெய்யாகவே தொட்ட பக்கங்களின் தொகுதியே அதன் தேவை என்ற கருத்தை பீட்டர் டென்னிங் 1968இல் நிலைநாட்டினார். திரையில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று காட்டும் எண் அதுவன்று. லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புகளின் தற்காலிகப் பிரதிகளுக்கு எடுத்துக்கொள்ளும். தரவுத்தள மென்பொருள்களிலும் சில, உச்சவரம்பு விதிக்காவிடில் கொடுத்ததனைத்தையும் விழுங்கும். ஆதலால் அந்த எண் நிறைந்திருப்பதைக் கண்டு கலங்காமல், வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே பக்கங்கள் இடையறாது போய்வருகின்றனவா என்று கவனிக்கவேண்டும்.

எத்தனை நாள் கவனிப்பது என்பதும் முக்கியம். உறைபனி செடியைக் கருக்கும் ஜனவரியில் ஒரு வாரம் அளந்து கண்ட எண், கோடை மழைக்குப் பின் இலை வரத்து பெருகி, சிறு விவசாயிகள் அனைவருக்கும் மாதக் கடைசியில் பட்டுவாடாக் கணக்கு முடிக்கும் நாளில் பயன்படாது. அந்த உச்ச நாளில் இலைக் கணக்குக் கணினிக்கு 13 ஜிபி தேவைப்பட்டதென்றால் 16 ஒதுக்கலாம். மற்ற இரண்டுக்கும் எட்டெட்டு. ஆதார யந்திரத்தின் சொந்த நிர்வாகத்துக்கு 8. மிஞ்சும் 24 ஜிபியை எவருக்கும் பகிர்ந்தளிக்காமல் வைத்திருப்பதே உசிதம். ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு நினைவகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் சுலபம். கொடுத்த ஒதுக்கீட்டைக் குறைப்பதற்குத்தான் பல சமயங்களில் அதை நிறுத்தவேண்டி வரும்.