மனநலப் படிப்பு: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்புகளிலும், கிராமத்துச் சந்துகளின் ஒண்டுக் குடித்தனங்களிலும் இரவு வெகுநேரம் விளக்கு அணைவதில்லை. பெண்ணோ, பிள்ளையோ, அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சுதான். என்ஜினியரிங், பி.காம். என்ற பழைய பெயர்களோடு இப்போது சைக்காலஜியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா படிக்கப் போகிறாய்?" என்று பாட்டிமார்கள் கேட்டது ஒரு காலம். இன்று குமாஸ்தா தகப்பனார் கேட்பது வேறு: "எவ்வளவு ஆகும்? படித்து முடித்தால் எவ்வளவு வரும்?"

நியாயமான கேள்விதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா!

தேவைக்குக் குறைவில்லை

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் சுமார் 15 கோடிப் பேருக்கு மனநல உதவி தேவை என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே இன்ஷூரன்ஸ் வேண்டும் என்றது. 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற இலவசத் தொலைபேசி உதவி தொடங்கியது. அதில் தமிழிலும் பேசலாம்.

இவ்வளவு தேவை இருந்தால் வேலையும் தானே வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது.

பட்டம் வேறு, தகுதி வேறு

பி.ஏ. சைக்காலஜி படித்தவர் ஆஸ்பத்திரியில் மனநோயாளிக்குச் சிகிச்சை தரும் நிபுணர் ஆகிவிட முடியாது. 2017 சட்டத்தின்படி 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்கு, இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட கிளினிகல் படிப்பு வேண்டும். இதுவரை பழகிய பாதை பி.ஏ. மூன்று வருடம், எம்.ஏ. இரண்டு வருடம், அதன்மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு எம்.ஃபில். இரண்டு வருடம். ஆக ஏழு வருடம். டில்லியில் ஷாதராவிலுள்ள இஹ்பாஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பயிற்சியைத் தந்துவந்தன. இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. அந்த எம்.ஃபில்.லும் 2025-26 வரைதான் செல்லும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜனவரியில் சொல்லிவிட்டது. கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே எந்தக் கல்லூரியானாலும் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

முனிர்காவிலிருந்து அதிக தூரமில்லாத கார்கி, கமலா நேரு, ஆர்யபட்டா போன்ற டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சைக்காலஜி ஆனர்ஸ் இருக்கிறது. வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்கு அறுபதாயிரம். தனியார் பல்கலைக்கழகமானால் கணக்கு லட்சங்களில் ஓடும்.

ஆனால் பெரிய செலவு கட்டணம் அல்ல, காலம். பிளஸ் டூ முடித்தவுடன் சர்க்கார் பரீட்சை எழுதி எல்.டி.சி. ஆகும் பிள்ளைக்கு, ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். ஏழு வருடத்தில் அது 16,71,600 ரூபாய். பஞ்சப்படியும் வருடாந்தர உயர்வும் இதில் சேரவில்லை. சைக்காலஜிக்காகக் குடும்பம் விட்டுக்கொடுப்பது இந்தத் தொகையை. முடிவில் மத்திய சர்க்காரில் குரூப் ஏ பதவி கிடைத்தால் தொடக்கம் 56,100. கிடைத்தால் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல்.

நர்ஸ் படிப்பு என்ற குறுக்கு வழி

அதே 2017 சட்டம் மனநல நர்ஸையும் மனநல ஊழியராகவே ஏற்கிறது. நாலு வருட பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துப் பதிவு செய்துகொண்டவர், மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நர்சிங் ஆபீசராகத் தேர்வானால் அடிப்படைச் சம்பளம் 44,900. மனநலத்தில் பட்டப் படிப்போடு வருமானம் தொடங்க வேண்டிய வீட்டுக்கு இதுவே நேரான வழி. ஆனால் இதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். இரவு டியூட்டிக்கும் மனம் தயாராக இருக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படிக்கலாம் என்ற பழைய யோசனை இனி உதவாது. 2021ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்தை ஒட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலோ, ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. இதை மறைத்து ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை தேவை.

பாதியில் நின்றால்?

இருபத்தோரு வயதில் கலியாணப் பேச்சோ, வீட்டுக் கடனோ வந்து பெண்ணின் படிப்பு பி.ஏ.யோடு நின்றுபோவது நடக்கக்கூடியதே. அப்போதும் அது வீண் அல்ல. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய எஸ்.எஸ்.சி. பரீட்சையில் அடிப்படைச் சம்பளம் 25,500லிருந்து தொடங்கும் பதவிகள் உண்டு. கவுன்சலிங் டிப்ளமாவும் சேர்ந்தால் கேந்திரிய வித்யாலயங்களில் ஒப்பந்த முறையில் ஆலோசகர் வேலைக்கு மனுப் போடலாம். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பென்ஷனை நம்பி வாழ்ந்த வீட்டுக்கு அது பழக வேண்டிய விஷயம்.

ஏழு வருடம் தாங்கும் குடும்பமும், அந்த ஏழு வருடமும் தளராத ஆசையுள்ள பிள்ளையும் சேர்ந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டில் ஒன்று சந்தேகமானால் நர்சிங்கையோ, சர்க்கார் பரீட்சையையோ முதலில் வைத்துக்கொள்வது நல்லது. எதுவானாலும், விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தகப்பனாரும் பெண்ணும் ஒரே காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பிறகு ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டியிருக்காது.