அணைக்கக் கூடாத அடுப்பு

2007-இல் டாடா ஸ்டீல் நிறுவனம் கோரஸ் என்ற ஆங்கிலோ-டச்சு உருக்கு நிறுவனத்தை 620 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஏலத்தில் எதிர்த்து நின்ற பிரேசில் நிறுவனம் பங்குக்கு 603 பென்ஸ் வரை ஏறிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. டாடா 608 சொல்லி முடித்தது. ஒன்பது ஆண்டு கழித்து, அப்படி வாங்கியதில் ஒரு பகுதியை, பல ஆலைகள் அடங்கிய ஒரு முழுப் பிரிவை, டாடா விற்றது. விலை ஒரு பவுண்டு. இங்கிலாந்தில் அந்தக் காசுக்கு ஒரு கோப்பை டீ கிடைப்பதே கடினம்.

உருக்கு ஆலை என்பது நிலமும் கட்டடமும் எந்திரமும் மட்டுமாக இருந்தால் இப்படி ஒரு விலை வராது. அது ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ள, கோரஸின் சொத்துகளில் ஒன்றாக டாடாவிடம் வந்துசேர்ந்த ஓர் ஆற்றங்கரையைப் பார்த்தால் போதும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆறு வடகடலில் கலக்கிறது. 1801-இல் அதன் தென்கரையில் இருந்த மிடில்ஸ்பரோவின் மக்கள்தொகை 25. ஊர் என்று சொல்ல நாலு வீடுகள், சுற்றிலும் வயல். 1830-இல் நிலக்கரியைக் கப்பலேற்ற ரயில் பாதை அங்கே வந்தது. 1841-இல் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி போல்கோவும், இரும்பு வேலை தெரிந்த ஜான் வானும் சேர்ந்து ஆற்றங்கரையில் ஓர் இரும்பாலை தொடங்கினார்கள். பணம் போல்கோவுடையது, கைத்திறன் வானுடையது.

மூலப்பொருள்தான் உள்ளூரில் இல்லை. 1850-இல் அதுவும் கிடைத்தது. ஊருக்குப் பின்னால் இருந்த எஸ்டன் குன்றுகளில் நடக்கும்போது வான் முயல் வளையில் கால் தடுக்கி விழுந்தார், எழுந்து பார்த்தால் இரும்புக்கல் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நடந்தது அவ்வளவு சுவாரசியமானதல்ல. வானும் ஜான் மார்லி என்ற சுரங்கப் பொறியாளரும் பாறை அடுக்கைத் தேடித்தான் போனார்கள், தேடியது கிடைத்தது. அந்த நூற்றாண்டு முடியும்போது மிடில்ஸ்பரோவில் ஏறக்குறைய 90,000 பேர் வாழ்ந்தார்கள்.

ஆனால் அந்தக் கல்லில் ஒரு கோளாறு இருந்தது. அதில் பாஸ்பரஸ் அதிகம். இரும்பில் பாஸ்பரஸ் தங்கிவிட்டால், குளிரில் அடி விழும்போது பட்டென்று முறியும். வார்ப்பிரும்பை மலிவாக எஃகாக்கும் பெஸ்ஸிமரின் உலை அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அதற்கும் பாஸ்பரஸுக்கும் ஒத்துவரவில்லை. உலையின் உள்சுவர் சிலிக்கா செங்கல்லால் ஆனது. அந்தச் சூழலில் பாஸ்பரஸ் கசடாகப் பிரியாமல் உலோகத்திலேயே தங்கிவிடும்.

இதற்கு வழி சொன்னவர் உலோகத் தொழிலைச் சேர்ந்தவரே அல்ல. லண்டனில் போலீஸ் நீதிமன்றம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், மாலை வகுப்பில் வேதியியல் படித்தவர். வேல்ஸில் இரும்பாலையில் வேதியியலராக இருந்த பெர்சி கில்கிறிஸ்ட் அவருடைய உறவுக்காரர். இருவரும் சேர்ந்து, சிலிக்காவுக்குப் பதிலாக டோலமைட் செங்கல்லை உள்சுவராகக் கட்டி, உருகிய இரும்போடு சுண்ணாம்பையும் போட்டுப் பார்த்தார்கள். எரிந்து ஆக்சைடாகும் பாஸ்பரஸைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. இரண்டும் கசடாக மேலே மிதந்தன. 1879-இல் போல்கோ வான் நிறுவனத்தின் எஸ்டன் ஆலையில் பெரிய அளவில் செய்துகாட்டியதும், ஐரோப்பா முழுக்க ஆலைக்காரர்கள் அந்த உரிமத்துக்கு அலைந்தார்கள். பாஸ்பரஸ் நிறைந்த கசடைப் பொடித்து வயலுக்கு உரமாகவும் விற்றார்கள். தாமஸ் 34 வயதில் இறந்துபோனார்.

1875-இல் ஆர்தர் டார்மனும் ஆல்பர்ட் லாங்கும் தொடங்கிய டார்மன் லாங் நிறுவனம் அக்கம்பக்கத்து ஆலைகளை ஒவ்வொன்றாக வாங்கி, 1929-இல் போல்கோ வானையே விழுங்கியது. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய நிறுவனம் இதுதான். 1932-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் உள்ள 52,800 டன் எஃகில் ஐந்தில் நான்கு பங்கு டீஸ் கரையிலிருந்து கப்பலில் போனது.

பிறகு அரசாங்கத்தின் முறை. 1951-இல் தொழிற்கட்சி ஆட்சி உருக்குத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. பின்னால் வந்த பழமைவாதக் கட்சி திருப்பி விற்றது. 1967-இல் தொழிற்கட்சி மறுபடி வந்து 14 பெரிய நிறுவனங்களை ஒன்றாக்கி பிரிட்டிஷ் ஸ்டீல் கார்ப்பரேஷன் ஆக்கியது. 1988-இல் பழமைவாதிகள் அதையும் பங்குச்சந்தைக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையே உலைகள் ஆற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தன. எஸ்டன் கல் தீர்ந்து, அந்த வட்டாரத்தின் கடைசி இரும்புச் சுரங்கம் 1964-இல் மூடப்பட்டது. இனி கல் கடல் கடந்துதான் வர வேண்டும். பெரிய கப்பல் ஏறி வர ஆழமான தண்ணீர் வேண்டும். ஒரு காலத்தில் சரக்கை வெளியே அனுப்பிய ஆறு, இப்போது கல்லை உள்ளே கொண்டுவரும் வாசலானது. முகத்துவாரத்தில், ரெட்கார் ஊருக்குப் பக்கத்தில், 1979-இல் புதிய ஊதுலை மூட்டப்பட்டது. நாளைக்கு 10,000 டன் இரும்பு உருக்கும் திட்டத்தோடு கட்டப்பட்டது அது.

பள்ளிப் பாடத்தில் வரும் அதே ஊதுலைதான். மேல்வாயில் இரும்புக்கல், கற்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கீழே சுற்றிலும் உள்ள குழாய்கள் வழியாக 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்று பாயும். கற்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயு மேலே ஏறும் வழியில் கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். மேலே போட்ட கல் கீழே இரும்பாக வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

அடியில் தேங்கும் உலோகத்தை வெளியே எடுப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. உலையின் அடிப்பக்கத்துத் துவாரம் சுட்டு இறுகிய களிமண்ணால் அடைபட்டிருக்கும். நீளமான துளைக்கருவி அதைக் குடைந்துகொண்டு போகும். கடைசி அங்குலம் உடைந்ததும், 1,500 டிகிரியில் வெண்மஞ்சளாகப் பாய்ந்து வரும் இரும்பு மணல் பூசிய வாய்க்காலில் ஓடும். பொறி மத்தாப்பு போல் சிதறும். வழியில் ஒரு தடுப்பு, கனம் குறைந்த கசடை மேலே நிறுத்தி ஒரு பக்கம் திருப்பிவிடும். அதன் அடியில் நுழைந்து போகும் இரும்பு, ரயில் தண்டவாளத்தில் காத்திருக்கும் கொப்பரை வண்டியில் விழும். உலை காலியானதும் ஒரு எந்திரம் புதுக் களிமண்ணை அழுத்தித் துவாரத்தை மூடும். இரவும் பகலும், தீபாவளியோ கிறிஸ்துமஸோ, இது நடந்தாக வேண்டும். ஒரு முறை மூட்டினால் பதினைந்து இருபது ஆண்டுகள் எரிய வேண்டிய அடுப்பு இது.

திடீரென்று நிறுத்தினால் என்ன? அடியில் மிச்சமிருக்கும் இரும்பு உறைந்து, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒற்றைக் கட்டியாகிவிடும். அதை வெடி வைத்துத்தான் பெயர்க்க முடியும். கற்கரி சுடும் அடுப்புகள் இன்னும் நுட்பமானவை. அவற்றின் சிலிக்கா செங்கற்கள் சூட்டிலேயே விரிந்து ஒன்றோடொன்று இறுகி நிற்பவை. ஆறினால் சுருங்கி விரிசல் விடும். மறுபடி சூடாக்கினாலும் பழைய சுவர் கிடைக்காது. எனவே ஆலை முதலாளிக்கு நஷ்டம் வந்தால், கடையைப் போல ஷட்டரை இறக்கிவிட்டு நல்ல காலத்துக்குக் காத்திருக்க முடியாது. எரித்தால் தினமும் பணம் கரையும், அணைத்தால் சொத்தே கரையும்.

ரெட்காரின் கடைசிப் பதினாறு ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவே கழிந்தன. 1999-இல் பிரிட்டிஷ் ஸ்டீல் டச்சு நிறுவனமான ஹூகோவென்ஸோடு இணைந்து கோரஸ் ஆனது. 2007-இல் டாடா வந்தது. சுவர்ணரேகா, கர்காய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஜாம்ஷெட்பூரில் ஆலை கட்டுவதற்காக 1907-இல் பிறந்த நிறுவனம், தன் நூறாவது ஆண்டில் டீஸ் கரைக்குச் சொந்தக்காரரானது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரெட்காரின் எஃகுப் பாளங்களை வாங்க நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 2009-இல் விலகினார்கள். 2010 பிப்ரவரியில் உலை நிறுத்தப்பட்டது.

அடுத்து தாய்லாந்தின் சகாவிரியா நிறுவனம். 46.9 கோடி டாலர் கொடுத்து வாங்கி, செப்பனிட்டு, 2012 ஏப்ரலில் உலையை மறுபடி மூட்டியது. பாளங்கள் கப்பலேறித் தாய்லாந்துக்குப் போயின. மூன்றரை ஆண்டுதான். சீன எஃகு சந்தையில் வெள்ளமாக வந்து பாளத்தின் விலை விழுந்தபோது, கடன் கழுத்தை நெரித்தது. 2015 அக்டோபர் தொடக்கத்தில் நிறுவனம் கலைக்கப்பட்டு ஆலை அரசு நியமித்த அதிகாரியின் கைக்குப் போனது. கற்கரி அடுப்புகளையாவது சூடாக வைத்திருங்கள் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அதற்குச் செலவழிக்க யாரும் முன்வரவில்லை என்று சொல்லி அக்டோபர் 12 அன்று அந்த அதிகாரி மூடல் உத்தரவு போட்டார். 2,200 பேருக்கு வேலை போனது. 2022 நவம்பர் 23 அன்று காலை, சுமார் 110 மீட்டர் உயரத்தில் நின்ற உலையை வெடி வைத்துச் சாய்த்தார்கள்.

டீஸ் கரையில் எஃகு வேலை அதோடு முற்றாக நின்றுவிடவில்லை. லாக்கன்பி உத்திர ஆலை தப்பியது. ஒரு பவுண்டுக்குப் போன பிரிவில் அதுவும் ஒன்று. வாங்கிய முதலீட்டு நிறுவனத்தின் கையில் அந்தப் பிரிவு மூன்றே ஆண்டில் நொடித்துப்போக, 2020-இல் சீனாவின் ஜிங்யே அதை எடுத்துக்கொண்டது. லாக்கன்பியில் சொந்தமாக உலை இல்லை. அது உருட்டும் எஃகு தெற்கே, அதே பிரிவைச் சேர்ந்த ஸ்கந்தார்ப் ஆலையிலிருந்து ரயிலில் வர வேண்டும். அங்கே எரிபவை 'குயின் ஆன்', 'குயின் பெஸ்' என்ற பெயர் கொண்ட இரண்டு ஊதுலைகள்.

2025 வசந்தத்தில் அந்த ராணிகளுக்குப் போட வேண்டிய கரி தீரும் நிலைக்கு வந்தது. ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஈஸ்டர் விடுமுறையில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவசரமாக லண்டனுக்குத் திரும்பி, ஆலையை நடத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் சட்டத்தை அன்றைக்கே நிறைவேற்றினார்கள். ஆலையின் உடைமை ஜிங்யேவிடமே இருந்தது. சில நாட்களில் இம்மிங்ஹாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறங்கி, உலைகளை நோக்கிப் புறப்பட்டது.