பிராசசர் மாறினால் சாப்ட்வேர் ஏன் மக்கர் செய்கிறது?

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவைத் திறந்து பாருங்கள். 'புரோகிராம் பைல்ஸ்' என்று ஒரு போல்டர் இருக்கும். பக்கத்திலேயே, அதே பெயருடன் அடைப்புக்குறிக்குள் 'எக்ஸ்86' என்று சேர்த்து எழுதிய இன்னொரு போல்டரும் இருக்கும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சிலர் இதை டூப்ளிகேட் என்று எண்ணி அழிக்கப் பார்க்கிறார்கள். தயவு செய்து அழித்துவிடாதீர்கள்.

எந்த சாப்ட்வேரும் தனியாக இயங்குவதில்லை. படத்தை விரித்துக் காட்ட ஒன்று, எழுத்தைத் திரையில் வரைய ஒன்று, பைலைச் சுருக்க ஒன்று என ஏற்கெனவே எழுதி வைத்த துணை புரோகிராம்களைக் கூப்பிட்டுக் கொள்கிறது. இவற்றைத்தான் லைப்ரரி என்கிறோம். விண்டோஸில் 'டி.எல்.எல்.' என்று முடியும் பைல்கள் இந்த வகைதான். 2003ல் ஏ.எம்.டி. நிறுவனம் 32 பிட் பிராசசரை 64 பிட்டாக விரிவாக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தது. 64 பிட் புரோகிராமால் 32 பிட் டி.எல்.எல். பைலைத் தனக்குள் ஏற்றிக் கொள்ள முடியாது. அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனி போல்டர்.

இப்போது நடப்பது இதைவிடப் பெரிய மாற்றம். செல்போன்களில் இருந்த ஆர்ம் வகை பிராசசர்கள் லேப்டாப்புக்கு வந்துவிட்டன. ஆப்பிள் 2020 நவம்பரில் மாறியது. விண்டோஸ் லேப்டாப்களிலும் ஸ்னாப்டிராகன் பிராசசர் கிடைக்கிறது. இன்டெல் பிராசசருக்கு எழுதிய கட்டளை ஆர்முக்குப் புரியாது. லைப்ரரிகளைப் புதிய பிராசசருக்குத் தயார் செய்வது என் அன்றாட வேலை.

"மறுபடி கம்பைல் செய்தால் போதாதா?" என்பார்கள். பல நேரம் போதும். ஆனால் வீடியோ, போட்டோ லைப்ரரிகளில் வேகத்துக்காகச் சில பகுதிகளை அந்தந்த பிராசசரின் கட்டளைகளிலேயே கையால் எழுதியிருப்பார்கள். இன்டெலுக்கு எழுதியதை ஆர்முக்கு வேறாக எழுதியே தீர வேண்டும்.

சில பிழைகள் ஒளிந்திருக்கும். 'அ' என்ற எழுத்து யூனிகோடின் யு.டி.எப்.-8 முறையில் 224, 174, 133 என்ற மூன்று பைட்களாகப் பதிவாகிறது. லினக்ஸில், சி மொழியின் 'சார்' (நாம் வாத்தியாரைக் கூப்பிடும் சார் அல்ல) இன்டெல் பிராசசரில் 224ஐ மைனஸ் 32 என்று படிக்கும். ஆர்மில் 224 என்றே படிக்கும். 'பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அது ஆங்கில எழுத்து இல்லை' என்று யாரோ எழுதி வைத்த வரி, இன்டெலில் ஒழுங்காக ஓடி ஆர்மில் கவிழ்ந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது. தமிழில் டைப் செய்து பார்த்தால்தான் அகப்படும்!

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசருக்கும் இதே வேலை உண்டு. யாரும் ராயல்டி கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-பைவ் கட்டளைத் தொகுதியில் அமைந்த அது 2018ல் சிப்பாக வந்தது. அந்த ஆண்டே சண்டிகரிலும் தயாரானது. சிப் வந்தால் மட்டும் போதுமா? அதற்கான லைப்ரரிகள் வேண்டாமா? டெபியன் லினக்ஸ், 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில்தான் ரிஸ்க்-பைவை முதன்முறையாக அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்த்தது. இத்தனைக்கும் ரிஸ்க்-பைவ் பிறந்தது 2010ல்.

இதனால் உங்களுக்கு என்ன? ஆர்ம் லேப்டாப்பில் விண்டோஸ் 11, பழைய இன்டெல் புரோகிராம்களை மொழிமாற்றிப் பெரும்பாலும் ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்டாது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எதுவானாலும் அதன் டிரைவர் ஆர்முக்கென்றே தயாரானதாக இருக்க வேண்டும். கொல்லிமலையில் எங்கள் குண்டனி நாட்டில் ஜெராக்ஸ் கடை வைக்க லேப்டாப் வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பிரிண்டர் ஓடாவிட்டால் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி லேப்டாப்பை மாற்றி வர வேண்டும். கடைக்காரர் மாற்றித் தருவாரா என்பது வேறு கதை.

எனவே பணம் கட்டும் முன் கடையிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் படியுங்கள். அதில் ஆர்ம் என்றிருந்தால், உங்கள் பிரிண்டரின் மாடல் நம்பரைச் சொல்லி, ஆர்ம் 64 டிரைவர் உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் பிரிண்டரையே கையோடு கொண்டு போய் ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.